கூப்பிட்டான் என்று போருக்குப் போகாதீர்கள்

கோபியில் எங்கள் வீட்டு மாடி ரூமில், சனிக்கிழமை ராத்திரியானால் அக்கா மகனும் அவனோடு படிக்கிற பசங்களும் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாம் ஸ்ட்ராட்டஜி கேம்தான்: ஒரு நாட்டை நடத்தி, போரும் பேச்சுவார்த்தையும் செய்கிற ஆட்டம். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து சத்தம் வரும்: "மாமா, இவன் ஏமாத்தறானுங்க!" இவன் என்பது கம்ப்யூட்டர். கூட்டணி போட்டவன் உதவிக்கு வரவில்லை, போருக்கு இழுத்துவிட்டவனே பாதியில் சமாதானம் பேசிக்கொண்டான், நேற்றுவரை சிநேகமாக இருந்தவன் இன்று எல்லையில் படையோடு நிற்கிறான். நானும் ஒரு காலத்தில் போட்ட சத்தம்தான்.

சேவ் பண்ண மறப்பது, தலைநகரத்தைக் காவலில்லாமல் விட்டுவிட்டுப் போவது போன்ற தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை அடிபட்டால் அவை தானாகப் புரிந்துவிடும். கூட்டணி விஷயத்தில் மட்டும், எத்தனை அடி வாங்கினாலும் பழி கம்ப்யூட்டர் மேலேயே விழுகிறது. அந்தத் தவறுகள்தான் கீழே.

கடினத்தைக் கூட்டினால் அவன் புத்திசாலி ஆவான் என்று நினைப்பது

ஆவதில்லை. சிவிலைசேஷன் 6 என்கிற கேமில் உச்சக் கடினமான டீட்டி கட்டத்தில் நீங்கள் ஒரு செட்லரோடு (புது நகரம் அமைக்கிற ஆள்) தொடங்கும்போது கம்ப்யூட்டர் மூன்றோடு தொடங்கும். உற்பத்தி, தங்கம், அறிவியல் எல்லாவற்றிலும் அதற்குச் சலுகை உண்டு. அநியாயம் என்றால் அதுதான் அநியாயம். ஆனால் பேச்சுவார்த்தையில் அதன் மூளை அதேதான். பிரின்ஸ் கட்டத்தில் இரண்டு பக்கமும் சமம், ராஜதந்திரம் பழகுகிறவர்கள் அங்கே பழகுங்கள். டீட்டியில் தோற்றுவிட்டுத் துரோகம் என்று புலம்புவதில் பிரயோஜனமில்லை.

கூட்டுப்போர்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

போன மாசம் அக்கா மகன் சிவிலைசேஷன் 6 ஆடிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் ஆடுகிற ராஜாக்களில் ஒருவனான கில்கமேஷ் அவனுக்கு நல்ல சிநேகிதன். கில்கமேஷ் என்றாலே நட்பை மதிக்கிற ஆள் என்று ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். திடீரென்று பேரம் பேசுகிற டீல் திரை வந்தது. இரண்டு பக்கமும் ஒரே ஒரு வரி: ஸ்பெயினின் ஃபிலிப் மேல் சேர்ந்து போர். இவன் யோசிக்கவே இல்லை. சிநேகிதன் கேட்கிறான், மறுத்தால் நன்றாக இருக்குமா என்று நினைத்து 'சரி'யை அழுத்திவிட்டான்.

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். ஸ்பெயினுக்கும் கில்கமேஷுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர். ஸ்பெயினின் இரண்டு நகரங்கள் இவன் வயலுக்கு ஒட்டியே இருக்கின்றன. ஃபிலிப்பின் படை எங்கே வரும்? இவனிடம்தான் வந்தது. கில்கமேஷின் ரதங்கள் ஊரைவிட்டு அசையவில்லை. போர் தொடங்கினால் 10 டர்ன் (எல்லாரும் ஒருமுறை ஆடி முடித்தால் ஒரு டர்ன்) வரை அந்த கேமில் சமாதானம் பேச முடியாது. அந்தக் கெடு முடிந்ததும் கில்கமேஷ் ஃபிலிப்போடு கைகுலுக்கிவிட்டு நூலகம் கட்டப் போய்விட்டான். இவன் மட்டும் இன்னும் போரில். கஷ்டப்பட்டு ஒரு நகரத்தைப் பிடித்திருந்தான், அதற்கான மனக்கசப்பு, அதாவது மற்ற நாடுகளின் கோபத்தை எண்ணுகிற புள்ளி, அவன் கணக்கில் ஏறியது. சண்டைக்கே சம்பந்தமில்லாத நாடுகள்கூட முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தன.

"அவந்தானுங் மாமா கூப்பிட்டான்! நாயமுங்களா இது?"

"அவன் படை எங்க இருக்குதுன்னு பார்த்தியா கண்ணு?"

பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை.

கூட்டுப்போர் என்று அந்தத் திரையில் இருப்பது ஓர் அறிவிப்பு மட்டும்தான். இரண்டு பேரும் ஒரே டர்னில் ஒருவனுக்கு எதிரி ஆகிறீர்கள், அவ்வளவே. இத்தனை படை அனுப்ப வேண்டும், இந்த ஊரை நான் பிடிக்கிறேன் அந்த ஊரை நீ பிடி, தனியாகச் சமாதானம் பேசக் கூடாது என்றெல்லாம் எழுத அதில் இடமே இல்லை. எழுதாததை அவன் மீறவும் இல்லை. நாம்தான் சிநேகிதன் என்ற சொல்லுக்குள் இதையெல்லாம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். தூரத்தில் இருப்பவனுக்குப் போர் நிலையில் இருப்பதால் பெரிய செலவு கிடையாது. எல்லையில் இருப்பவனுக்குத்தான் கழனி எரியும்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்கிற இன்னொரு கேமில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு போருக்கும் பக்கத்துக்கு ஒரு தலைவன் உண்டு. நீங்கள் கூட்டாளியாகப் போனால், தலைவன் போடும் சமாதானம் உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் மாசக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை யாருக்கு என்பதை அவன் முடிவு செய்வான். மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றால், கூட்டாளி அழைப்பை மறுத்ததற்கு 25 புள்ளி கௌரவம் போகும், கூட்டணியும் முறியும். ஆகவே யோசிக்க வேண்டியது அழைப்பு வரும்போது இல்லை, கூட்டணி போடும்போது. ஊரெல்லாம் சண்டை இழுக்கிற ராஜாவோடு கூட்டணி எதற்கு?

அழைப்பு வந்தால் நான் பார்ப்பது இதுதான்: அவன் வரவே இல்லை என்றாலும் இந்தப் போரை நான் தனியாக ஆடுவேனா? ஆடுவேன் என்றால் போகலாம், அவன் வந்தால் லாபம். அப்படிப் போகும்போதும் சும்மா போகாதீர்கள். அதே டீல் திரையில் அவன் பக்கம் தங்கத்தைச் சேர்த்துப் பாருங்கள், பல சமயம் கொடுப்பான். சிவிலைசேஷன் 5-இல் 10 டர்ன் அவகாசமும் கேட்கலாம். ஆனால் அவகாசம் வாங்கிவிட்டு வராமல் இருந்தால் அவன் மறக்க மாட்டான்.

இதே வித்தையை நீங்கள் திருப்பியும் ஆடலாம். எல்லையில் படை குவிக்கிற பக்கத்து நாட்டுக்காரனுக்குத் தங்கம் கொடுத்து வேறொருவன் மேல் ஏவிவிடுவது பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அப்போது யாரும் நாயம் பேசிக் கேட்டதில்லை.

மொய் நோட்டைப் புரட்டாமல் இருப்பது

கம்ப்யூட்டரின் சிநேகம் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. யார் என்ன செய்தார்கள் என்று வரிவரியாகப் பதிவாகியிருக்கும், அதுவும் உங்கள் கண்ணுக்கு எதிரிலேயே. சிவிலைசேஷன் 6-இல் தலைவரின் படத்தைத் தொட்டு உறவுப் பக்கத்துக்குப் போனால் எதனால் பிடிக்கும், எதனால் பிடிக்காது என்று புள்ளியோடு இருக்கும். யூரோப்பா 4-இல் போர் அறிவிக்கும் திரையிலேயே எந்தக் கூட்டாளி வருவான், எவன் வரமாட்டான் என்று தெரியும். கடனில் மூழ்கியிருக்கிறான், தூரம் அதிகம் என்று காரணமும் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் போரை அறிவித்துவிட்டு, பிறகு அவனைத் திட்டுவார்கள்.

பசங்கள் ஏமாற்றுவதையும் சொல்ல வேண்டும். யூரோப்பா 4-இல் நிலம் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டாளியை வரவழைக்கலாம். ஜெயித்ததும் முழு நிலத்தையும் தானே வாரிக்கொள்வான் நம் ஆள். கூட்டாளியின் நம்பிக்கைப் புள்ளி இறங்கும், அடுத்த போருக்கு வரமாட்டான். அப்போது வருகிற சத்தமும் அதேதான்: "மாமா, ஏமாத்தறானுங்க!"

காந்திக்குக் கிறுக்கு என்று நம்புவது

1991-இல் வந்த முதல் சிவிலைசேஷனில் ஏதோ எண் பிசகிக் காந்தி அணுகுண்டு வெறியர் ஆனார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அப்படி ஒரு பிழையே இல்லை என்று அதை உருவாக்கிய சிட் மெய்யரே 2020-இல் சொல்லிவிட்டார். பிறகு வந்த பாகங்களில்தான் வேடிக்கைக்காகச் சேர்த்தார்கள். கதையை நம்புவதைவிட, ஒவ்வொரு தலைவருக்கும் திரையில் போட்டிருக்கும் கொள்கையைப் படிப்பது மேல்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் 'நண்பன்' என்று குறித்துவிட்டு நிம்மதியாக இருப்பது

அது நீங்கள் அவனை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது மட்டும். அவன் உங்களை எதிரி என்று வைத்திருந்தால் அடிப்பான், உங்கள் ஆட்கள் சும்மா நிற்பார்கள். டீமைப் பூட்டிவிட்டு ஆடுங்கள். அப்புறம், மார்க்கெட் வழியாகக் கூட்டாளிக்குச் சாமான் அனுப்பும்போது தொடக்கத்தில் 30 சதவீதம் கழிவு உண்டு. 100 அனுப்ப 130 செலவாகும்.

தற்காப்பு ஒப்பந்தத்தை எல்லாரோடும் போடுவது

போடாதீர்கள். ஒப்பந்தம் போட்டவனை யாராவது அடித்தால் உங்களைக் கேட்காமலேயே நீங்கள் போரில் இருப்பீர்கள்.

சிநேக உடன்பாடு முடியும் நாளை மறப்பது

சிவிலைசேஷன் 6-இல் அது 30 டர்ன்தான் நிற்கும். ஒரு பேப்பரில் குறித்து வையுங்கள்.

குருசேடர் கிங்ஸ் 3-இல் சம்பந்தி பலத்தை மட்டும் நம்புவது

அங்கே கூட்டணி கல்யாணத்தில் வருவது. கட்டிக்கொடுத்த ராஜாவோ கட்டிக்கொண்ட ஆளோ செத்தால் அறுந்துபோகலாம். போரை அறிவிக்கும் முன் மாமனாரின் வயதைப் பார்த்துவிடுங்கள்.