தௌஹுவைச் சமைக்காமல் சாப்பிடுகிறீர்களா?

புரட்டாசி பிறந்தால் மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வீட்டுக்கு வீடு தௌஹுதான், அதாவது டோஃபு என்கிற சோயாக் கட்டி. புதிதாக விரதம் இருக்கிறவர்கள் அதை வெள்ளரிக்காயோடு நறுக்கி, கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றி அப்படியே சாப்பிடுகிறார்கள். சாப்பிடலாம். எந்தத் தௌஹு என்பதுதான் கேள்வி.

வாளித் தௌஹுவை அப்படியே தின்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. "ஏற்கெனவே வெந்ததுதானே?" என்று பதில் வரும். வெந்ததுதான். ஊறிய சோயாவை அரைத்து, பாலைக் கொதிக்கவைத்து, ஜிப்சம் சேர்த்துத் திரித்ததே தௌஹு. ஆனால் அதன்பின் துணியில் கட்டி அழுத்துகிறார்கள், பலகையில் வெட்டுகிறார்கள், தண்ணீர் வாளியில் போடுகிறார்கள். சந்தையில் பத்து மணிக்குள் அந்த வாளிக்குள் எத்தனை கை நுழைகிறது! ஈரமும் புரதமும் நிறைந்த, உப்போ புளிப்போ இல்லாத கட்டி. நம் ஊர் வெயிலில் கிருமி பெருக வேறென்ன வேண்டும்?

1981 கடைசியிலும் 1982 தொடக்கத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யெர்சினியா என்ற கிருமி பலரைப் படுக்கவைத்தது. சுத்திகரிக்காத ஊற்றுநீரில் போட்டு அடைத்த தௌஹுதான் காரணம். அந்தக் கிருமி குளிர்பெட்டிக்குள்ளும் பெருகும். அது தரும் வயிற்றுவலி குடல்வால் அழற்சி போலவே இருக்கும். ஆகவே "வாங்கியதும் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டேன்" என்பது காப்பாற்றாது. பைப் தண்ணீரில் கழுவினாலும் இடுக்குகளில் இருப்பது போகாது.

இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக் கொதிநீரில் போடுங்கள். தண்ணீர் மறுபடி கொதித்ததும் 5 நிமிடம் விட்டு, வடித்து, ஆறவையுங்கள். முழுக் கட்டியாகப் போட்டால் வெளியே சுடும், நடுவில் சில்லென்றே இருக்கும். வெந்ததை, வேகுமுன் வைத்த தட்டிலும் வெட்டிய கத்தியிலும் படவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் பலர் பட்ட பாடெல்லாம் வீணாகிறது.

பெட்டித் தௌஹுவை ராகாவில் (மோட்டார் சைக்கிள் கூடையில்) மறப்பது

பெட்டிக்குள்ளேயே சூடாக்கிக் கட்டியாக்கிய மென்மையான தௌஹுவை அப்படியே உண்ணலாம். மூடி உப்பியிருக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது, கடையில் குளிரில் இருந்திருக்க வேண்டும். ஆனால் மோட்டார் ராகாவில் போட்டு, கடைத்தெருவெல்லாம் சுற்றி, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால் அந்தக் குளிருக்கு என்ன மதிப்பு? கடைசியாக வாங்குங்கள், நேரே வீட்டுக்குப் போங்கள். திறந்த பெட்டியில் மிஞ்சியதைக் கொதித்து ஆறிய நீரில் மூழ்கவைத்துக் குளிரில் வையுங்கள். மறுநாள் சமைத்தே சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிகள்

எந்தத் தௌஹுவானாலும் ஆவி பறக்கச் சூடாக்கியே.

கிருமி சாக எலுமிச்சை பிழிந்தால் போதுமா?

போதாது.

ஜப்பான் தௌஹு

குழாய் வடிவில் வருவதில் பெரும்பாலும் முட்டை இருக்கிறது. முட்டை இருந்தால் விரதத்துக்கு ஆகாது.

மோந்து பார்த்து முடிவு செய்வது

புளித்த வாடை, வழுவழுப்பு, கலங்கிய நீர் இருந்தால் கெட்டுவிட்டது. வாடை இல்லையென்றால் நல்லது என்று அர்த்தமில்லை. கெட்டதை எண்ணெயில் பொரித்தும் தேற்ற முடியாது. சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதித்தாலும் அழியாது. குப்பையில் போடுங்கள்.