சின்னப் பாய்வள்ளத்தில் நங்கூரக் கயிற்றையும் சங்கிலியையும் வைப்பது எப்படி?

யாழ்ப்பாணக் கரையில் பாய்வள்ளம் ஓட்டப் பழகுபவர்கள் முதலில் பாயைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு சுக்கானைப் பற்றி. நங்கூரக் கயிற்றை எங்கே, எப்படி வைப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் காற்று விழுந்து, நீரோட்டம் வள்ளத்தை முருகைக்கல் (பவளப்பாறை) பக்கம் இழுத்துக்கொண்டு போகும்போது உங்களுக்கு அந்தக் கயிறுதான் துணை. அப்போது சிக்கெடுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நங்கூரத்தைத் தண்ணீரில் விட்டதும் கயிறு தானாக ஓடி வெளியே வரவேண்டும். கயிறு பார்க்க அழகாக இருக்கிறதா என்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. தடையில்லாமல் வெளியே வருகிறதா என்பது ஒன்றுதான் எனக்கு முக்கியம். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

பதினாறு முதல் இருபது அடி வரையான, நங்கூரத்துக்கென்று தனி அறை இல்லாத திறந்த வள்ளத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எவ்வளவு கயிறு, எவ்வளவு சங்கிலி?

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதில் வைப்பது என்று முடிவெடுக்கலாம். கணக்கு எளிது. தண்ணீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து அணியத்தின், அதாவது வள்ளத்தின் முன்பகுதியின், உயரத்தையும் கூட்டி, ஏழால் பெருக்குங்கள். கடல்நீரேரியில் இரண்டு மீற்றர் ஆழத்தில் நிற்கிறீர்கள், அணியம் அரை மீற்றர் உயரம் என்றால் 17.5 மீற்றர் வெளியே விடவேண்டும். பாக்கு நீரிணைப் பக்கம் எட்டு மீற்றர் ஆழத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் அதே கணக்கு 60 மீற்றரைத் தொடும். நம் பக்கத்தில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், வற்று நேரத்தில் அளந்த ஆழத்தோடு அரை மீற்றர் கூட்டிக்கொள்வது நல்லது.

நீரேரிக்குள்ளும் தீவுகளுக்கு இடையிலும் மட்டும் ஓடுபவருக்கு 10 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 30 மீற்றர் போதும். அதன் முன்னால் வள்ளத்தின் நீளமளவுக்கு, அதாவது ஐந்து ஆறு மீற்றர், 6 மில்லிமீற்றர் சங்கிலி. இந்தச் சங்கிலி மீற்றருக்கு ஏறக்குறைய 800 கிராம் வரும். ஆகவே சங்கிலி மட்டும் ஐந்து கிலோ அளவில். இந்த எடையை நினைவில் வைத்திருங்கள், வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கும்போது தேவைப்படும்.

சங்கிலியே வேண்டாம், கயிறு மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். சேறும் மணலுமான இடத்தில் ஓரளவு சமாளிக்கலாம். நெடுந்தீவுக் கரையில் முருகைக்கல்லில் உரசினால் வெறும் கயிறு ஓர் இரவு தாங்காது. அதோடு, சங்கிலியின் பாரம்தான் நங்கூரத்தின் தண்டைப் படுக்க வைத்து, நுனியை மண்ணுக்குள் இறக்குகிறது.

கயிறு நைலோனாகவே இருக்கட்டும். நைலோன் இழுபட்டு நீளும், அதனால் அலையின் அடியைத் தாங்கும். தண்ணீரில் தாழும். மலிவாகக் கிடைக்கும் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு நங்கூரத்துக்கு ஆகாது. அது வெயிலில் பொடிந்துவிடும், மேலே மிதந்து அடுத்த வள்ளத்தின் இயந்திரக் காத்தாடியிலும் சுற்றும்.

2. பாத்திரம்: ஒரு வாளி போதும்

20 லீற்றர் பெயின்ற் வாளி. மேலே சொன்ன கயிறும் சங்கிலியும் அதற்குள் தாராளமாக அடங்கும். எங்கும் கிடைக்கும், வாய் அகலம், தூக்கிக்கொண்டு போய்க் கழுவலாம். விலை கொடுத்து வாங்கும் நங்கூரப் பைகள் மோசமில்லை. ஆனால் துணிப் பையின் வாய் மடிந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், வாளியின் வாய் அப்படிச் செய்யாது. கயிறு அதிகம் என்றால் மீன் போடும் ஓட்டைப் பெட்டி ஒன்றை எடுங்கள். நாலு பக்கமும் காற்றுப் போவதால் கயிறு விரைவில் காயும். பனையோலைக் கடகத்தில் வைத்தால் பார்க்க எனக்கும் ஆசைதான். ஈரச் சங்கிலி அதை ஒரு பருவத்துக்குள் அறுத்துவிடும்.

வாளியைத் தயார் செய்யும் விதம் இது. அடியில் எட்டுப் பத்து ஓட்டைகள், சுண்டுவிரல் நுழையும் அளவில். துளைபொறி இல்லாவிட்டால் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துங்கள். புகையைச் சுவாசிக்காமல் வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிறகு பக்கச் சுவரில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், கயிறு போகும் அளவுக்கு இன்னொரு ஓட்டை. அதன் விளிம்பை அரத்தாலோ உப்புத்தாளாலோ நன்றாக மழுக்கிவிடுங்கள். வாளியின் கம்பிக் கைப்பிடி உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒருநாள் கழன்றுவிடும். இப்போதே அதைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கைப்பிடி போடுங்கள்.

3. அடி நுனியை முதலில் கட்டுங்கள்

இதைச் செய்யாமல் வேறெதையும் செய்ய வேண்டாம். நங்கூரம் இல்லாத பக்கத்து நுனியை வாளியின் உள்ளிருந்து அந்தப் பக்க ஓட்டையால் வெளியே எடுத்து, பாய்மரத்தின் அடியிலோ வள்ளத்தின் உடலோடு உறுதியாகப் பொருத்திய வளையத்திலோ கட்டுங்கள். வாளியின் கைப்பிடியில் கட்டினால் ஒருநாள் வாளியும் சேர்ந்து கடலுக்குள் போகும்.

வள்ளம் நங்கூரத்தில் நிற்கும்போது இழுவை முழுவதையும் தாங்குவது அணியத்தில் கயிறு சுற்றிக் கட்டும் கட்டைதான். அடி நுனிக் கட்டு ஒரு காப்பு மட்டுமே. பதற்றத்தில் கயிறு கையை விட்டு ஓடினாலும் எல்லாம் போய்விடாது. அதே நேரம், அவசரமாக நங்கூரத்தைக் கைவிட்டு ஓடவேண்டி வந்தால் அந்த இடத்தில் அறுக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கத்தி. அறுப்பதற்கு முன் நுனியில் ஒரு மிதவையையோ மூடிய வெற்றுக் கானையோ கட்டிவிட்டால் பிறகு வந்து எடுக்கலாம்.

4. கயிற்றைச் சுருட்டாதீர்கள், கொட்டுங்கள்

வீட்டில் கயிற்றை முழங்கையில் சுற்றி, நடுவில் ஒரு கட்டுப் போட்டுத் தொங்கவிடுவோம். அந்தப் பழக்கம் நங்கூரக் கயிற்றுக்கு ஆகாது. மூன்று புரிக் கயிற்றை வட்டமாகச் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறுகிறது. வேகமாக இழுபடும்போது அந்த முறுக்குகள் எல்லாம் சேர்ந்து ஓரிடத்தில் முடிச்சாகிவிடும். வட்டங்களில் ஒன்று இன்னொன்றுக்குள் புகுந்தாலும் கதை அதுதான்.

வாளியின் முன் உட்கார்ந்து, அடி நுனிப் பக்கத்திலிருந்து தொடங்கி, கைக்குக் கை மாற்றிக் கயிற்றை வாளிக்குள் விழவிடுங்கள். ஒழுங்குபடுத்த வேண்டாம், அமுக்க வேண்டாம், அது விழுகிறபடி விழட்டும். கடைசியாக விழுந்தது மேலே இருக்கும், மேலே இருப்பது முதலில் வெளியே போகும். கயிறு முடிந்ததும் சங்கிலி வரும். அதையும் அப்படியே மேலே இறக்குங்கள். கடலில் நங்கூரத்தைத் தூக்கும்போதும் இதே வரிசைதான்: முதலில் கயிறு, பிறகு சங்கிலி, கடைசியில் நங்கூரம். ஆகவே தூக்கும் வேலையும் அடுக்கும் வேலையும் ஒன்றாகவே முடிந்துவிடும்.

ஒரு கவனம். வள்ளம் சரியும்போது மேலிருக்கும் சங்கிலி கயிற்றுக்குள் புதைந்துவிடப் பார்க்கும். கயிற்றுக்கும் சங்கிலிக்கும் நடுவில் ஒரு சாக்குத் துண்டை விரித்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, அவசரத்தில் அந்தச் சாக்கே கயிற்றோடு போய் மாட்டும். வாளி சரியாமல் கட்டி வைப்பதே மேல்.

நங்கூரத்தை வாளிக்குள் போடாதீர்கள். நாலு கை மடங்கும் நங்கூரம் என்றால் அதன் ஒவ்வொரு கையும் ஒரு கொழுக்கி, கயிற்றைப் பிடிக்காமல் விடாது. தட்டை இறகுள்ள நங்கூரமும் அப்படியே. வாளிக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சால் கட்டி வையுங்கள். வள்ளம் கவிழ்ந்தாலும் அது தானாகக் கழன்று விழக்கூடாது.

5. தரையில் ஒருமுறை பாருங்கள்

வாளியைக் கரையில் வையுங்கள். நண்பர் ஒருவர் நங்கூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறென்று நடக்கட்டும். கடைசி மீற்றர் வரை எங்கும் நிற்காமல் வரவேண்டும். நின்றால், எங்கே நின்றது என்று பார்த்துவிட்டு மறுபடி கொட்டுங்கள். இது சரிவந்த பிறகு தண்ணீரில் பழகுவதற்குக் காரைநகர் கசூரினாக் கடற்கரை நல்ல இடம். தூரம் வரை ஆழமில்லை, அடியில் மணல், நங்கூரம் எப்படி விழுந்து கிடக்கிறது என்று இறங்கிப் பார்க்கலாம். குளிக்கிறவர்களை விட்டு நன்றாக விலகிப் போங்கள்.

விடும்போது கால் வாளிக்கு அருகில் இருக்கக்கூடாது. நின்றுகொண்டு விடாதீர்கள், முழங்காலில் இருங்கள். ஓடும் கயிற்றின் வளையத்துக்குள் கால் போனால் ஐந்து கிலோ சங்கிலியும் நங்கூரமும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். பிள்ளைகள் வள்ளத்தில் இருந்தால், நங்கூரம் போடுமுன் அவர்களைப் பின்பக்கம் இருக்கச் சொல்லுங்கள்.

6. வாளியை எங்கே வைப்பது?

பெரும்பாலானோர் அணியத்தின் நுனியில் வைப்பார்கள், அங்கேதான் பயன்படப் போகிறது என்பதால். நங்கூரம், சங்கிலி, ஈரக் கயிறு எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. சின்ன வள்ளத்தின் நுனியில் அவ்வளவு பாரம் இருந்தால் அணியம் ஒவ்வொரு அலையிலும் குத்தும். சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், தீவுகளுக்கு வெளியே எழும் குட்டையான, நெருக்கமான அலையில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆழம் குறைந்த கடலில் அலை அப்படித்தான் எழும்.

ஓடும்போது வாளியைப் பாய்மரத்தின் அடிக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாக, நடுவில் வைத்துக் கட்டுங்கள். நிற்கப்போகும் இடம் நெருங்கும்போது முன்னுக்கு நகர்த்துங்கள். அதற்கேற்ப அடி நுனிக் கட்டில் நீளம் விட்டு வையுங்கள். எதிர்பாராமல் போடவேண்டி வந்தாலும் பாய்மரத்தடியிலிருந்தே நங்கூரத்தை விட்டுவிட்டுக் கயிற்றை அணியத்துக்குக் கொண்டுபோகலாம்.

7. அளவுக் குறிகள்

ஐந்து மீற்றருக்கு ஒரு குறி. பெயின்ற் நைலோனில் நிலைப்பதில்லை. தடித்த பருத்தி நூலைக் கயிற்றுப் புரிகளுக்கு நடுவில் கோத்து முடியுங்கள்: ஐந்தில் ஒரு முடிச்சு, பத்தில் இரண்டு, இப்படியே. இருட்டிலும் விரலால் எண்ணலாம். பாகக் கணக்கில் பழகியவர்கள் பாகத்திலேயே குறி வைக்கலாம், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

நீரேரிச் சேறு சங்கிலிக் கண்களுக்குள் அடைந்துகொண்டு வரும், சாதாளை என்ற கடற்செடியும் சுற்றியிருக்கும். தூக்கும்போதே சங்கிலியை நீர்மட்டத்தில் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் பாதி போய்விடும். கரைக்கு வந்ததும் வாளியோடு கிணற்றடிக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். அடி ஓட்டைகளால் அழுக்கும் உப்பும் வடிந்துவிடும். தீவுப் பக்கம் கிணறு உவராக இருந்தாலும் கடல்நீரை விட அது மேல். மாரியில் மழைநீர் இருக்கிறது.

உப்புக் காய்ந்தால் அதன் படிகங்கள் கயிற்றின் நார்களுக்குள் இருந்து ஒவ்வொரு இழுப்பிலும் அவற்றை அரிக்கும். கயிறு விறைத்தும் போகும், விறைத்த கயிறு வாளிக்குள் சரியாக விழாது. கழுவிய கயிற்றை மாமர நிழலில் காயவிடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் நைலோன் பலம் இழக்கும். ஈரத்தோடு மூடி போட்டு வைக்காதீர்கள்.

சங்கிலியையும் கயிற்றையும் சேர்க்கும் லாட வடிவக் கொளுவியின் திருகாணி அதிர்வில் தானாகக் கழன்றுவிடும். அதன் கண்ணில் கம்பி கோத்து முறுக்கி வையுங்கள், கம்பி நுனியை உள்ளே மடித்துவிடுங்கள். நாகமுலாம் பூசிய சங்கிலிக்கு அதே முலாம் பூசிய கொளுவியைத்தான் போடவேண்டும். துருப்பிடிக்காத உருக்கில் வாங்கினால் இரண்டு உலோகமும் கடல்நீரில் சேர்ந்து, சங்கிலியின் முலாமை விரைவில் தின்றுவிடும்.

வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கி வள்ளத்தைக் கரையேற்றும் நாட்களில் வாளியை முழுவதும் கொட்டிப் பாருங்கள். சங்கிலியின் நங்கூரப் பக்கம்தான் அதிகம் தேயும், ஆகவே இரண்டு நுனியையும் மாற்றிப் போடுங்கள். கயிற்றில் சங்கிலியோடு சேரும் முதல் ஒரு மீற்றரை விரலால் தடவிப் பாருங்கள். நார் அறுந்து பஞ்சு போல எழும்பியிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, உலோக வளையத்தை உள்ளே வைத்துப் புதிதாகக் கண்ணி பின்னிச் சங்கிலியோடு சேருங்கள். ஒரு மீற்றர் குறைந்துவிட்டதால் நூல் குறிகளையும் மறுபடி அளந்து கட்டவேண்டும்.