முல்லை நில ஆயர் பாட்டை அலசும்போது முதலில் பென்சிலை எடுங்கள்

ஆயர் பாட்டு எதையாவது அலச வேண்டுமென்றால், பொருளைத் தேடுவதற்கு முன் பாட்டை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். மாறாமல் திரும்பி வரும் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். சிலப்பதிகாரத்தில் ஆயர் பெண்கள் கை கோத்து ஆடிப் பாடும் பகுதியான ஆய்ச்சியர் குரவையை எடுத்துக்கொள்வோம்:

கன்று குணிலாக் கனியுதிர்த்த மாயவன்
இன்றுநம் ஆனுள் வருமேல் அவன்வாயில்
கொன்றையந் தீங்குழல் கேளாமோ தோழி

இதே அச்சில் மூன்று பாட்டுகள். 'மாயவன்', 'ஆனுள் வருமேல் அவன்வாயில்', 'தீங்குழல் கேளாமோ தோழி' மூன்றிலும் அப்படியே நிற்கின்றன. குழலின் பெயர் கொன்றை, ஆம்பல், முல்லை என்று மாறுகிறது. கை கோத்து ஆடுகிறவர்கள் சேர்ந்து பாட இப்படித்தானே அமைய வேண்டும்!

அப்புறம் எதுகை, அதாவது அடிகளின் முதல் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. முதல் பாட்டில் கன்று, இன்று, கொன்றை. மூன்றாவதில் கொல்லை, எல்லை, முல்லை. நடுப்பாட்டில் பாம்பு, ஈங்கு, ஆம்பல்: ம், ங் இரண்டும் மெல்லினம் என்பதால் இது இன எதுகை. முதல் பாட்டின் முதலடியில் 'கன்று', 'கனி' இரண்டும் 'க'வில் தொடங்கும் மோனையையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, சீர், அதாவது அடியின் தாளத் துண்டுகள்? அந்த முதலடி, சீர் வகைகளின் பெயரில் சொன்னால், தேமா, புளிமா, கருவிளங்காய், கூவிளம். பாட்டு முழுக்க வெண்டளை (வெண்பாவுக்குரிய, ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை) பிசகவில்லை. மூன்றாம் பாட்டு மட்டும் 'கொல்லையஞ் சாரல்' என்று கூவிளம், தேமாவில் தொடங்குகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பழகிய தாளம் அங்கே சற்று அசைகிறது. அந்தப் பாட்டில்தான் ஆயர் நிலத்தின் பூவான முல்லையும் வருகிறது.