யாழ்ப்பாணத்தில் நிச்சயதார்த்தப் படப்பிடிப்பு: வெயிலையும் காற்றையும் பார்த்து நாள் குறியுங்கள்

ப்ரீ சூட்டுக்கு, அதாவது நிகழ்வுக்கு முன் தனியாக எடுக்கும் படப்பிடிப்புக்கு, எந்த இடம் நல்லது என்றுதான் வெளிநாட்டிலிருந்து வரும் சோடிகள் முதலில் கேட்பார்கள். இடத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் யூலை மாதத்து மாலை வெயில் மணிக்கணக்காகச் சாய்ந்து கிடக்கும். யாழ்ப்பாணத்தில் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடும். முகத்துக்கு இதமான மஞ்சள் வெயில் காலையில் ஏறக்குறைய 40 நிமிடம், மாலையில் 40 நிமிடம், அவ்வளவுதான். ஓகஸ்ட் கடைசியில் காலை 6 மணியளவில் உதித்து மாலை 6.20 அளவில் பொழுது படும். டிசெம்பர் கடைசியில் 6.25 அளவில் உதித்து 6 மணியளவில் பட்டுவிடும். காலை 9 மணி தாண்டினால் வெயில் மேலிருந்து அடிக்கும். கண்குழி கறுக்கும், மூக்கின் கீழ் நிழல் விழும், வியர்வையில் மேக்கப் திட்டுத்திட்டாகக் கலையும்.

ஆகவே ஒரு பொழுதுக்கு ஓரிடம் போதும். ஒரே நாளில் கோட்டை, கசூரினா கடற்கரை, மணற்காடு, பருத்தித்துறை என்று ஓடினால் நல்ல வெளிச்சம் முழுவதும் வான் வண்டிக்குள் இருக்கும்போதே போய்விடும்.

காலையா மாலையா என்பதை நீங்கள் வரும் நாடும் தீர்மானிக்கும். காலை 6 மணிக்குக் கமரா முன் நிற்க வேண்டுமென்றால் தலை, மேக்கப், சேலைக்கட்டு எல்லாவற்றுக்குமாக இரண்டரை மணி நேரம் தேவை. அதாவது விடிய 3.30க்கு முன்னரே எழும்ப வேண்டும். சிட்னியில் இருந்து வந்தவர் உடம்புக்கு அது காலை 8 மணி, சிரமமே இல்லை. கோடையில் லண்டனில் இருந்து வந்தவருக்கு அது முந்தின இரவு 11 மணி, கண் வீங்கியிருக்கும். ஐரோப்பாவில் இருந்து வருபவர்கள் மாலையைத் தெரிவு செய்யுங்கள், அல்லது ஒரு கிழமை கழித்துக் காலையை வையுங்கள். எப்படியென்றாலும் இறங்கி மூன்று நாட்களுக்குள் வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாளும் வேண்டாம்.

காற்றும் மாதமும்

பள்ளி விடுமுறையோடு யூலை, ஓகஸ்டில் வருகிறவர்கள்தான் அதிகம். அது சோளகக் காற்றின், அதாவது தென்மேற்குக் காற்றின் காலம். கடற்கரையில் சேலைத் தலைப்பு கொடிபோல அடிக்கும், முடி வாய்க்குள் போகும், வீடியோவில் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். காற்று வரும் பக்கத்துக்கு முகம் கொடுத்து நின்றால் முடி தானாகப் பின்னுக்குப் போகும். முதுகைக் கொடுத்தால் முகத்தை மூடும். தலைப்பைத் தோளில் மூன்று பின்னாவது குத்திப் பிடியுங்கள். கொசுவத்துக்கு உள்ளேயும் ஒன்று வேண்டும். லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளவே ஒருவர் தேவை. விழுந்தால் லைட் உடையும், மணலில் விழுந்த லென்ஸ் அதைவிட மோசம். விடியற்காலையில் சோளகம் பெரும்பாலும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தையில் வயல் பச்சையாக, குளங்கள் நிரம்பி, வாடை குளிர்ந்து வீசும். யாழ்ப்பாணம் மிக அழகாக இருப்பது அப்போதுதான். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் இல்லாததால் படப்பிடிப்பாளர்களுக்கு ஓய்வு இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் படம் எடுப்பதையே விரும்பாத பெரியவர்கள் உண்டு. டிக்கெட் போடமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆவணி பிறந்தால் முகூர்த்த நாட்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் மூடப்படும், தங்குமிடமும் லேசில் கிடையாது.

இடங்கள்

மணற்காடு காலைக்கு உரிய இடம். வடமராட்சி கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலுக்கு மேலே எழும். மணல் திட்டில் அலை அலையாகக் காற்று வரைந்த கோடுகள் இருக்கும். அந்தக் கோடுதான் அங்கே அழகு. ஆகவே சோடியும் கூட வந்தவர்களும் ஒரு பக்கத்தால் மட்டும் ஏறுங்கள். நாலு பேர் குறுக்கே நடந்தால் படம் முழுக்கக் கால்தடம்தான். குதிச்செருப்பு புதையும், வெறுங்காலே நல்லது. வெளிறிய மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அடிப்பதால் தனியாக ரிஃப்ளெக்டர் தேவைப்படாது. அங்கே மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயில் இடிபாடும் உண்டு. அதன்மேல் ஏறாதீர்கள்; பக்கத்துச் சேமக்காலையை (கிறிஸ்தவ மயானத்தை) பின்னணியாக்கவும் வேண்டாம்.

மாலைக்குப் பண்ணைப் பாலமும் கடல் நீரேரியும். கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஓகஸ்டில் பொழுது படமுன்னரே கதவு மூடிவிடக்கூடும். முதல் நாளே போய் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். அது தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இடம். சோடனையோடும் லைட்டோடும் போனால் அனுமதியும் கட்டணமும் கேட்பார்கள். கசூரினா வடக்குப் பார்த்த கரை, தண்ணீர் நெடுந்தூரம் முழங்காலளவுதான். சனி, ஞாயிறு சனம் கூடும்.

நெடுந்தீவை எல்லோரும் கேட்கிறார்கள். பவளக்கல் வேலிகளும் குதிரைகளும் வேறெங்கும் லேசில் கிடைக்காதவை, உண்மைதான். குறிகட்டுவானில் இருந்து படகில் ஒரு மணி நேரம். அன்றே திரும்பினால் காலை வெளிச்சமும் கிடையாது, மாலை வெளிச்சமும் கிடையாது. கொதிக்கிற மத்தியானம்தான் கையில் மிஞ்சும். ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள். சோளகத்தில் கடல் கொந்தளிக்கும், சேலை கட்டிக்கொண்டு படகேற வேண்டாம்.

நல்லூரில் வெளிவீதியில் கோபுரம் தெரிய எடுக்கலாம். உள்ளே கமரா கூடாது, ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் போகவேண்டும். எந்தக் கோயில் வாசலிலும் கட்டியணைத்து நிற்பது ஊராரை நோகச் செய்யும்.

இராணுவ முகாம், சோதனைச் சாவடி எதுவும் படத்துக்குள் வரக்கூடாது. டிரோனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். பதிவுள்ள உள்ளூர்க்காரரிடம் விடுங்கள். குண்டு துளைத்த சுவர் அழகான பின்னணி என்று நினைத்து இடிந்த வீட்டுக்குள் நுழைகிறார்கள். அது இன்னும் ஒருவருடைய வீடு. வளவில் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு பற்றைக்குள் மறைந்திருக்கும். நினைவுத் தூபிகளும் துயிலும் இல்லங்களும் இதற்கான இடமே அல்ல. முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை (கண்ணிவெடி எச்சரிக்கை) கண்டால் ஓர் அடியும் உள்ளே வைக்காதீர்கள்.

உடுப்பும் உதவியும்

யூலை, ஓகஸ்டில் பின்னணி காய்ந்த புல்லும் பனையும். அதில் மயில்நீலம், அரக்கு, கடும்பச்சை எடுப்பாக நிற்கும். மார்கழி வயலில் பச்சையைத் தவிருங்கள். மிக நெருக்கமான கோடு போட்ட சட்டை கமராவில் அலையடிக்கும். பிளவுஸை வரமுன்னரே தைப்பித்து, உள்ளே ஓர் அங்குலம் விட்டு வையுங்கள்.

உடுப்பு மாற்ற அறை எங்கும் இல்லை. திரைபோட்ட வான் பிடியுங்கள், ஓட்டோ சரிவராது. கூடவே ஒரு மச்சாளையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். கொசுவம் சரிப்படுத்த, பை பிடிக்க, வேடிக்கை பார்க்க வருபவர்களோடு பக்குவமாகக் கதைக்க அவர் இல்லாமல் முடியாது. ஏசி வானில் இருந்து இறங்கியதும் லென்ஸில் நீர் பூக்கும். 20 நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த 40 நிமிடத்தில் பாதி போய்விடும்.

படப்பிடிப்பாளரிடம்

இன்ஸ்டாகிராமில் இருக்கும் பத்துப் படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே சோடியின் முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம், திருத்திய படம் எத்தனை, மூலக் கோப்புகள் தருவாரா, வான் செலவு யாருடையது, மழை வந்தால் மாற்று நாள் எது, இவை எல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தோலை வெளுப்பாக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வெளுப்பாக்கித் தருவதே பல இடங்களில் வழக்கம். பிறகு மாற்றக் கேட்டால் வாரக் கணக்கில் இழுபடும்.

மூலக் கோப்புகளை விமானம் ஏறமுன் கையில் வாங்குங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று உங்கள் கைப்பையில், மற்றது ஊரில் ஓர் உறவினர் வீட்டில். வாங்கிய இடத்திலேயே முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் மூன்றையும் திறந்து பாருங்கள்.