இரட்சிக்கப்பட நான் என்ன செய்யணும்னு கேக்கறவங்களுக்கு

எங்க பெரியம்மா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப ஒரு நாள் ராத்திரி என் கையப் பிடிச்சுக்கிட்டு, "ஏல, செத்துப்போனா நான் பரலோகத்துக்குப் போவேனால?"ன்னு கேட்டாங்க. வாரம் தவறாம ஆராதனைக்குப் போனவங்க, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள்ல கறி மீன் தொடாதவங்க, அவங்களுக்கே தெரியல. விரல மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டிருந்தாங்க. சம்பாத்தியத்துல பத்துல ஒரு பங்கு, தசமபாகம், சரியா குடுக்கல, உபவாசம் இருக்கேன்னு சொல்லிட்டு காப்பி குடிச்சேன், நாத்தனார்கூட பதினோரு வருஷமா பேசல. அன்னிக்கு அவங்ககிட்ட சொன்னதத்தான் இங்க எழுதறேன், ஏன்னா இதே பயத்தோட சர்ச்ல உக்காந்திருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.

முதல்ல அந்த எண்ணறத நிறுத்துங்க. நல்லது இத்தன, கெட்டது இத்தனன்னு கணக்குப் போட்டா யாருக்கும் தேறாது. பைபிள்ல எபேசியர் 2:8ல கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவுன்னு இருக்கு. இரட்சிக்கப்படறதுன்னா பாவத்துலருந்து காப்பாத்தப்படறது, கிருபைன்னா தகுதியில்லாதவங்களுக்கு ஆண்டவர் காட்டற தயவு, ஈவுன்னா இனாமா குடுக்கறது. கிறிஸ்மஸுக்கு நீங்க பொண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துட்டு வந்து குடுக்கறீங்க, அவ உள்ள போய் பர்ஸ எடுத்துட்டு வந்து "எவ்வளவுப்பா ஆச்சு"ன்னு கேட்டா உங்க மனசு எப்படி இருக்கும்? நாம ஆண்டவர்கிட்ட அதத்தான் வருஷக்கணக்கா செஞ்சுகிட்டிருக்கோம்.

இப்ப அப்போஸ்தலர் 16 எடுத்துப் படிங்க, மெதுவா. பிலிப்பி பட்டணத்து ஜெயில்ல இயேசுவப் பத்திப் பிரசங்கம் பண்ணிட்டிருந்த பவுலும் சீலாவும் அடிபட்டு, கால் தொழுமரத்துல, அதாவது கால மாட்டிப் பூட்டற மரக்கட்டைல, மாட்டி இருக்காங்க, நடுராத்திரில பாட்டுப் பாடறாங்க, பூமி அதிருது, கதவெல்லாம் தொறந்துக்குது, கைதிங்க ஓடிட்டாங்கன்னு நெனச்சு சிறைச்சாலைக்காரன் பட்டயத்த உருவி தன்னையே கொல்லப் போறான், பவுல் சத்தம் போட்டுத் தடுக்கறாரு. அவன் நடுங்கிக்கிட்டே வந்து விழுந்து, இரட்சிக்கப்படறதுக்கு நான் என்ன செய்யணும்னு கேக்கறான். பதில் ஒரே வரி: "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி." மூணு மாசம் வேதபாட கிளாஸுக்கு வா, மொதல்ல உன் குணத்த மாத்துன்னு ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் அதே ராத்திரில அவன் அவங்க காயத்தக் கழுவறான், குடும்பத்தோட ஞானஸ்நானம் எடுக்கறான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சாப்பாடு போடறான். அந்த வரிசையக் கவனிங்க. விசுவாசம் முன்னாடி, மத்தது பின்னாடி. நாம பாதிப்பேரு இத தலைகீழா புடிச்சுக்கிட்டு கஷ்டப்படறோம்.

சரி, விசுவாசிக்கறதுன்னா என்ன பண்ணணும்? இதுக்கு எண்ணாகமம் 21தான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். வனாந்தரத்துல ஜனங்களப் பாம்பு கடிக்குது, மோசே ஒரு வெண்கலப் பாம்பு செஞ்சு கம்பத்துல தூக்கி வைக்கறாரு, கடிபட்டவன் அத நோக்கிப் பார்த்தா பிழைப்பான். விஷம் ஏறி கண்ணு சொருகறவன்கூட தலையத் திருப்பிப் பாக்க முடியும்ல. இயேசுவே யோவான் 3:14ல இத எடுத்து, அதேமாதிரி தானும் உயர்த்தப்படணும்னு சொல்றாரு. அப்ப விசுவாசம்னா சிலுவைல தொங்குனவர நோக்கிப் பாக்கறது, எனக்குப் பதிலா இவர் செத்தாரு, இவர விட்டா எனக்கு வேற வழி இல்லன்னு அவர்மேல சாஞ்சுக்கறது. பின்னால இங்கிலாந்துல பெரிய பிரசங்கியாரா ஆன ஸ்பர்ஜன் ஐயா இரட்சிக்கப்பட்டதும் இப்படித்தான். 1850 ஜனவரி, அவருக்கு 15 வயசு, இங்கிலாந்துல கோல்செஸ்டர் ஊர்ல பனிப்புயல்ல போகவேண்டிய இடத்துக்குப் போக முடியாம ஒரு சின்ன மெத்தடிஸ்ட் சேப்பல்ல ஒதுங்கறாரு. அங்க பெருசா படிப்பில்லாத ஒருத்தர் ஏசாயா 45:22, "என்னை நோக்கிப்பாருங்கள்"ங்கற வசனத்தயே திரும்பத் திரும்பச் சொல்லி, அந்தப் பையனப் பாத்து நீ ரொம்பக் கலங்கிப் போயிருக்க, இயேசுவப் பாருன்னாரு. பையன் பாத்தான். அவ்வளவுதான் நடந்துச்சு.

இத எப்ப வேணா, எங்க வேணா செய்யலாம். ரோமர் 10:9 வாயால அறிக்கை பண்ணவும், தேவன் அவர உயிரோட எழுப்பினாருன்னு இருதயத்துல விசுவாசிக்கவும் சொல்லுது. அதனால வாயத் தொறந்து சொல்லிடுங்க, நீங்க வீட்டுல பேசற பாஷையிலயே. ஆண்டவரே நான் பாவி, என்னால என்னக் காப்பாத்திக்க முடியாது, நீர் எனக்காகச் செத்து உயிரோட எழுந்தீர்னு நம்பறேன், என்ன ஏத்துக்கும். சிலுவைல பக்கத்துல தொங்குன கள்ளன் இத விடக் கம்மியாத்தான் கேட்டான், அடியேனை நினைத்தருளும்னு. அவனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமில்ல, ஒரு நல்ல காரியம் செய்ய கை காலுக்கு வழியில்ல. ஆனா இயேசு அவனுக்கு அன்னிக்கே பரதீசு, அதாவது பரலோகம்னு வாக்கு குடுத்துட்டாரு.

அழுகை வரலயே, உடம்பு சிலிர்க்கலயே, நான் உண்மையிலயே நம்பறேனான்னு சந்தேகமா இருக்கேன்னு பயப்படாதீங்க. கொடைக்கானல் மலைப்பாதைல பஸ்ல கண்ண மூடித் தூங்கறவங்களும் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நடுங்கறவங்களும் ஒண்ணாத்தான் மேல போய்ச் சேருவாங்க, ஏன்னா பஸ்தான் ஏத்திட்டுப் போகுது. மாற்கு 9ல அந்தத் தகப்பன் நம்பறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்னு அழறான், அவன் பிள்ளைக்கு சுகம் கிடைச்சுது.

அப்ப இஷ்டத்துக்குப் பாவம் பண்ணலாமான்னு கண்டிப்பா யாராவது கேப்பாங்க. பவுலே ரோமர் 6ல அந்தக் கேள்வியக் கேட்டு, கூடவே கூடாதேன்னு பதிலும் சொல்லிட்டாரு. எபேசியர் 2:10ம் நற்கிரியைகளப் பத்திப் பேசுது, ஆனா கிருபையினால இரட்சிப்புன்னு சொல்ற 8, 9க்கு அப்புறம்.

அப்புறம் யோவான் சுவிசேஷம் தினம் ஒரு அதிகாரம் படிங்க, மொத்தம் 21 இருக்கு, மூணு வாரத்துல முடிஞ்சுடும். கூட உக்காந்து ஜெபிக்கறதுக்கு சபைல ஒருத்தரத் தேடிக்கோங்க.

பெரியம்மா அன்னிக்கு ராத்திரி பெருசா ஒண்ணும் ஜெபம் பண்ணல. "இயேசப்பா, என்னால ஒண்ணும் முடியல, நீரே பாத்துக்கும்"னு சொல்லிட்டு ரெண்டு வாய் தண்ணி குடிச்சுட்டுத் தூங்கிட்டாங்க. காலைல நர்ஸம்மா ஊசி போட்டுட்டுப் போனதும் என்னக் கூப்பிட்டு, "ஏல, உன் அத்தைக்கு ஒரு போனப் போட்டுக் குடு"ன்னாங்க.