கட்டாக் கருவாட்டின் உப்பை விரைவாகக் குறைக்க

கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய கட்டாக் கருவாட்டைப் பெருந்துண்டாக ஊறவைக்காமல், விரலளவு துண்டுகளாக வெட்டி, இளஞ்சூடான நீரில் 10 நிமிடம் வைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் மேலும் 10 நிமிடம் வையுங்கள். துண்டுகள் சிறிதாகும்போது உப்பு வெளியேறும் பரப்புக் கூடுகிறது. ஊறிய நீரே உப்பேறிவிட்டால் அவ்வெளியேற்றம் மந்தமாகும் என்பதால்தான் நீரை மாற்ற வேண்டியிருக்கிறது. கொதிநீர் வேண்டாம், சதை உதிர்ந்துவிடும். ஈரத்தைத் துடைத்துப் பொரித்தபின், வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கிச் சேர்த்துத் தேசிக்காய்ப் புளி விட்டால், பருப்புக் கறியோடு சோற்றுக்கு வேறொன்றும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அவித்துப் புகையூட்டி உலர்த்திய மாசிக் கருவாட்டுக்கு இம்முறை பொருந்தாது. ஊறவைத்தால் அதன் சுவை நீரோடு போய்விடும் என்பதால், இடித்துச் சம்பலில் சேர்ப்பதே நல்லது. நெத்தலிக் கருவாட்டுக்கு ஓரிரு முறை அலசினால் போதும்.