இங்கிலாந்தில் கேர் ஹோம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இங்கிலாந்தில் முதியோருக்கான கேர் ஹோம், வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஹோம் கேர் ஏஜென்சி இரண்டிலும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நர்ஸாக வந்து மேனேஜர் ஆனவர்கள், வேறு தொழிலிலிருந்து முதலாளியாக மாறியவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சிக்யூசி, அதாவது இவற்றைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன், தன் இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் போடுகிறது. மோசமான ரேட்டிங் வாங்கிய ஹோம்களின் அறிக்கை நாலைந்தை எடுத்துப் படியுங்கள். பாலிசி, அதாவது ஹோமின் எழுத்துப்பூர்வ நடைமுறை விதிகள், இல்லாமல் மாட்டியவர்கள் குறைவு, பாலிசியில் எழுதியிருப்பது நைட் ஷிஃப்டில் நிற்கும் கேரருக்குத் தெரியாமல் மாட்டியவர்கள்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

அதற்கு முதல் காரணம் கடையில் வாங்கிய பாலிசி. வாங்குவது தப்பில்லை. ஹோமின் பெயரை மட்டும் மாற்றி அலமாரியில் வைத்துவிடுவதுதான் தப்பு. வேல்ஸ் சட்டம் அதில் இருக்கும், உங்கள் கட்டிடத்தில் இல்லாத லிஃப்டைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும், போன வருஷமே வேலையை விட்டுப் போன மேனேஜர் பெயர் இருக்கும். சிக்யூசி இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு, அங்கிருக்கும் நண்பர் சொன்ன விதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நடத்துவதும் இதே மாதிரிதான். வெளிநாட்டிலிருந்து கேரர்களைப் புதிதாக ஸ்பான்சர் செய்து கொண்டுவரும் வழி 2025 ஜூலை 22 அன்றே மூடப்பட்டுவிட்டது, ஆனாலும் 'கேர் விசா' என்று பணம் கேட்கும் செய்திகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. சில ஹோம்களில் கொரோனா காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை: முன்கூட்டியே நேரம் வாங்கினால்தான் அம்மாவைப் பார்க்கலாம், அதுவும் அரை மணி நேரம் என்கிறார்கள். 2024 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத விசேஷ சூழ்நிலை இருந்தால் தவிர, ரெசிடென்டை, அதாவது ஹோமில் தங்கியிருப்பவரை, பார்க்க வருபவர்களை அனுமதிப்பது சட்டப்படி கடமை. வாசலில் ஒட்டியிருக்கும் அந்தப் பழைய நோட்டீஸை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

சரி, நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடத்துக்கு வருவோம். "மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார், பிரச்சினை இல்லை." நம் வீடுகளில் அப்பாவுக்கு முடியாமல் போனால் மூத்த பிள்ளை சொல்வதுதான் முடிவு. இங்கே சட்டம் அப்படி இல்லை. மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட் 2005 என்ன சொல்கிறது என்றால், வயது வந்த எவரும் தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் எந்த முடிவை, எந்த நேரத்தில் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டை விற்கலாமா என்று யோசிக்க முடியாத ஒருவரால் மத்தியானம் மீன் வேண்டுமா கோழி வேண்டுமா என்று சொல்ல முடியும், குளிப்பது காலையிலா சாயங்காலமா என்றும் சொல்ல முடியும். "டிமென்ஷியா இருக்கிறது, ஆகவே கெப்பாசிட்டி இல்லை" என்று ஒரே வரியில் எழுதி எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டிவைத்தால் அது அசெஸ்மென்டே ஆகாது.

கட்டிலுக்கு ரெயில் போடவும், கதவில் சென்சார் வைக்கவும், மாத்திரையை உணவில் மறைத்துக் கொடுக்கவும் மகளிடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' (நெருங்கிய உறவினர்) என்று ஃபாரத்தில் எழுதியிருப்பதால் அவருக்கு அந்த அதிகாரம் வந்துவிடாது. உடல்நலம், பராமரிப்பு சார்ந்த லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது தனக்காக முடிவெடுக்க ஒருவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் நியமித்திருக்க வேண்டும், அதுவும் அந்த முடிவை ரெசிடென்டே எடுக்க முடியாத நிலையில்தான் செல்லும். சொத்து, பணத்துக்கான பவரைக் காட்டினால் அது இதற்கு உதவாது. எனவே வாய்ப்பேச்சை நம்பாமல் பத்திரத்தின் பிரதியை வாங்கிப் படித்துப் பார்த்து ஃபைலில் வையுங்கள். பவர் இல்லாத பிள்ளைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ரெசிடென்டின் நலனுக்கு எது நல்லது என்று உட்கார்ந்து முடிவெடுக்கும்போது அவர்களைக் கேட்டாக வேண்டும், கேட்டதை எழுதவும் வேண்டும்.

டோல்ஸ் அனுமதியும், அதாவது தானே முடிவெடுக்க முடியாத ஒருவரின் சுதந்திரத்தை அவர் பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்தக் கவுன்சிலிடம் வாங்கும் சட்ட அனுமதியும், இதோடு சேர்ந்ததுதான். அதிகபட்சம் 12 மாதம் செல்லும், அதற்குள் எப்போது முடிகிறது என்பதை நீங்கள்தான் கவனித்துத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியோடு கவுன்சில் போட்ட நிபந்தனைகளை யாருமே படிக்காமல் விடுவது இன்னொரு தவறு. 'வாரம் ஒரு முறை வெளியே அழைத்துப்போக வேண்டும்' என்று போட்டிருந்தால், போனதற்குப் பதிவு எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்பார்.

அப்புறம் மருந்து. காலை ரவுண்ட் 8 மணிக்குத் தொடங்குகிறது, நாற்பது பேர் இருக்கும் ஹோமில் கடைசி அறைக்குப் போகும்போது 10.30 ஆகிவிடுகிறது. மருந்து கொடுத்ததைப் பதியும் மார் சார்ட்டில் '8 மணி' என்று அச்சடித்த கட்டத்தில் கையெழுத்து விழுகிறது. மத்தியானம் 12.30க்கு அடுத்த ரவுண்டை அந்த அறையிலிருந்தே தொடங்கினால், அந்தப் பாட்டிக்கு இரண்டு பாராசிட்டமால் டோஸுக்கு நடுவே இரண்டு மணி நேர இடைவெளிதான் இருந்திருக்கிறது. குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். சார்ட்டில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். கொடுத்த நேரத்தை எழுத வையுங்கள். பார்க்கின்சன் மருந்து ரவுண்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, அதை அதன் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்து என்பது மாத்திரையை அவர் விழுங்கிய பிறகு போடுவது. கப்பில் எடுத்து வைத்ததும் போட்டால், துப்பிய மாத்திரையும் சாப்பிட்டதாகவே கணக்கில் நிற்கும்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் தண்ணீரில் கலக்கும் திக்னர் பவுடரைத் தயவுசெய்து மேசைமேல் விட்டுப் போகாதீர்கள். டப்பா பார்க்கப் பால்பவுடர் மாதிரி இருக்கும். ஒருவர் அதை அப்படியே வாயில் போட்டு மூச்சடைத்து இறந்ததையடுத்து 2015இலேயே என்ஹெச்எஸ் எச்சரிக்கை விடுத்தது. ஒருவர் பெயரில் எழுதிக் கொடுத்த டப்பாவை இன்னொருவருக்கு எடுப்பதும் கூடாது.

தகவல் கொடுப்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஒருவரை யாரோ துன்புறுத்தியதாகச் சந்தேகம் வந்தால் கவுன்சிலின் சேஃப்கார்டிங் பிரிவுக்குச் சொல்வது ஒன்று, சிக்யூசிக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்புவது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டு "சொல்லிவிட்டோமே" என்று இருந்துவிடுகிறார்கள். மரணம், பலத்த காயம், போலீஸ் வந்த சம்பவம், டோல்ஸ் முடிவு, எல்லாம் சிக்யூசிக்கும் போக வேண்டும். அனுப்பாமல் விடுவதே தனிக் குற்றம்.

ஹோம் கேர் நடத்துபவர்கள் சம்பளக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு கேரர் அரை மணி நேர விசிட் எட்டு செய்கிறார், அதாவது 4 மணி நேரம், மணிக்கு 13.50 வீதம் 54 பவுண்ட். வீட்டுக்கு வீடு போன நேரம் ஒன்றரை மணி. குறைந்தபட்ச ஊதியத்தைப் பொறுத்தவரை அதுவும் வேலை நேரம்தான். 54ஐ ஐந்தரையால் வகுத்தால் 9.82 வருகிறது. 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படி 12.71. ஸ்பான்சர் விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்கப் பயப்படுவார்கள், அவர்கள் கேட்கவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. ஸ்பான்சர் செய்யும் முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை அவர்கள் சம்பளத்தில் பிடிப்பதும் சட்டவிரோதம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹாயிஸ்டில், அதாவது ஆளைத் தூக்கும் கருவியில், ஒரு வயதான பெண்மணியைத் தூக்கும்போது இரண்டு பக்கமும் நின்றுகொண்டு தமிழில் ஊர்க்கதை பேசாதீர்கள். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறீர்களோ என்று தோன்றும், பயமும் வரும். அவரிடம் பேசுங்கள், அவருக்குப் புரியும் மொழியில், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று. ரெசிடென்ட் தமிழராக இருந்து, டிமென்ஷியாவில் ஆங்கிலம் மறந்து போயிருந்தால், அவரோடு தமிழில்தான் பேச வேண்டும், அதைக் கேர் பிளானிலும் எழுத வேண்டும்.

இன்ஸ்பெக்ஷன் முடிந்து டிராஃப்ட் ரிப்போர்ட் வந்தால், அதில் தகவல் பிழை இருக்கிறதா என்று சொல்ல 10 வேலை நாள் உண்டு. பலர் கோபத்தில் நீளமாகக் கடிதம் எழுதி அந்த நாட்களை வீணாக்குகிறார்கள். எந்த வரி தவறு, அன்றைக்கு உங்களிடம் இருந்த எந்தப் பதிவு அதைக் காட்டுகிறது, அவ்வளவு போதும். இன்ஸ்பெக்டர் போன பிறகு சரிசெய்ததை இதில் சேர்த்துப் பயனில்லை. ரேட்டிங் மோசமாக வந்தாலும் அதை ஹோமில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலும் உங்கள் இணையதளத்திலும் போட்டே ஆக வேண்டும்.